கேள்வி – பதில்: கற்பனை நாட்டின் பொம்மர்

இந்த இதழில் விண்ணப்பப் படிவம், ஓய்வூதியம், வீட்டுத் தோட்டம் பற்றிய கேள்விகளுக்கு இடமில்லை. அவற்றை அனுப்பியவர்கள் பொறுத்தருள வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் பதினொரு பக்கக் கடிதமும் பென்சிலால் வரைந்த ஒரு விமானப் படமும் அனுப்பியிருக்கிறார். அதே விடயத்தை ஒட்டி வேறு சிலரும் கேட்டிருந்ததால் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: நான் எழுதிவரும் தொடர்கதையில் 'நீலவரை' என்றொரு கற்பனைத் தீவு நாடு வருகிறது. அது இலங்கையைப் போல இரண்டு மடங்கு பெரியது. கரையெங்கும் கரிய மணல். அந்த நாடு 'வல்லூறு' என்ற பெயரில் ஒலியை விஞ்சும் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றைத் தானே செய்கிறது. நிறை 300 தொன், வேகம் மாக் 3 (ஒலியின் வேகத்தைப் போல மூன்று மடங்கு), எரிபொருள் நிரப்பாமல் 12,000 கிலோமீற்றர் பறக்கும், தேவைப்பட்டால் பனைமர உயரத்துக்கு இறங்கியும் அதே வேகத்தில் செல்லும். ஏழாம் அத்தியாயத்தில், தலைநகருக்கு மேல் பறந்துகொண்டிருக்கும்போது எதிரியைக் கண்ட விமானி சட்டென்று விமானத்தைத் திருப்பி அவனைத் துரத்துகிறான். இதைப் படித்த நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். எங்கே பிழை, ஐயா? – வெள்ளவத்தை வாசகர்

பதில்: நண்பர் சிரித்தது ஓரளவுக்கு நியாயம்தான், ஆனால் அவர் உங்கள் விமானத்தின் நிறையைப் பார்த்துச் சிரித்திருந்தால் அது தவறு. சோவியத் ஒன்றியத்தில் செய்யப்பட்டு 1981 டிசம்பர் 18 இல் முதன்முதலாகப் பறந்த டியு-160 விமானம், முழுச் சுமையோடு எழும்பும்போது 275 தொன் நிறையுடையது. ஒலியை விஞ்சும் போர் விமானங்களில் அதைவிடக் கனமானது இன்றுவரை சேவையில் இல்லை. ஆகவே 300 தொன் என்பது எட்ட முடியாத எண்ணிக்கை அல்ல. மாக் 3 உம் அப்படியே. 1964 செப்டெம்பர் 21 இல் பறந்த அமெரிக்காவின் எக்ஸ்பி-70, ஏறத்தாழ 245 தொன் நிறையோடும் ஆறு எஞ்சின்களோடும் அந்த வேகத்தை 1965 ஒக்டோபரில் எட்டிக் காட்டியது. உங்கள் நான்கு எண்களையும் தனித்தனியாக எடுத்தால், பனைமர உயரம் ஒன்றைத் தவிர, ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறையச் சாட்சி உண்டு. எல்லாவற்றையும் ஒரே விமானத்தில் ஏற்றியதுதான் பிழை.

முதலில் தூரத்தைப் பார்ப்போம். டியு-160 இன் வீச்சு 12,300 கிலோமீற்றர் என்று எழுதப்பட்டிருப்பதை நீங்களும் எங்கோ படித்திருப்பீர்கள். ஆனால் அது ஒலியின் வேகத்துக்குக் குறைவாக, இறக்கைகளை அகல விரித்துக்கொண்டு, நிதானமாகப் பறந்தால் கிடைக்கும் தூரம். ஒலியின் வேகத்தைத் தாண்டியதும் காற்றுத் தடை ஏறுகிறது. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூட்டுக் காற்றில் மறுபடியும் எரிபொருளைத் தெளித்து எரிக்கத் தொடங்கியதும் தாங்கிகள் கண்முன்னே வற்றத் தொடங்கும். 1963 ஒக்டோபரில் பி-58 என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் ஒன்று தோக்கியோவிலிருந்து இலண்டனுக்கு எட்டரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடிய நேரத்தில் பறந்து சாதனை படைத்தது. அந்த ஒரே பயணத்தில் அது ஐந்து முறை வானிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டது. அதாவது, சாதனை ஒரு விமானத்தின் பெயரில் எழுதப்பட்டாலும், வழியெங்கும் எரிபொருள் தாங்கி விமானங்கள் அதற்காகக் காத்து நின்றன. நீலவரையிடம் அத்தகைய விமானங்கள் எத்தனை இருக்கின்றன என்று பதினொரு பக்கங்களிலும் தேடிப் பார்த்தேன், ஒன்றுகூட இல்லை.

அடுத்தது பனைமர உயரம். பதினெட்டுக் கிலோமீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதன் பத்தில் ஒரு பங்குதான். மேலே மாக் 3 இல் செல்லும் ஒன்று கீழேயும் அதே வேகத்தில் செல்வதென்றால் ஏறத்தாழப் பத்து மடங்கு கனத்த காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். தாழ்வாகப் பறப்பதற்கென்றே மாற்றியமைக்கப்பட்ட பி-1பி என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானம் கூட நிலத்தை ஒட்டிச் செல்லும்போது ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் கீழேதான் நிற்கிறது. உயரத்தில் அதன் உச்ச வேகமே மாக் 1.25 அளவுதான். மேலே பறந்தால் வேகம், கீழே பறந்தால் மறைவு. ஏதாவது ஒன்றைத் தெரிவு செய்யுங்கள்.

இனி அந்த ஏழாம் அத்தியாயத்துக்கு வருகிறேன், ஏனெனில் இந்த இடத்தில் நானும் சிரித்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பதினொரு கிலோமீற்றருக்கு மேலே, குளிர்ந்த காற்றில், ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கிலோமீற்றர். ஆகவே மாக் 3 என்பது ஒரு செக்கனுக்கு 885 மீற்றர். அந்த வேகத்தில் விமானத்தை 30 பாகை சரித்துத் திருப்பினால் அது வரையும் வட்டத்தின் ஆரை 138 கிலோமீற்றர். உங்கள் தலைநகரைக் கொழும்பு என்று வைத்துக்கொள்வோம். வடக்கு நோக்கிப் பறந்துகொண்டிருக்கும் விமானி கோட்டைக்கு மேல் வைத்து வலப்பக்கம் திருப்பத் தொடங்குகிறான். விமானம் முழுவதுமாகத் தெற்கு நோக்கித் திரும்பி முடியும்போது அவனுக்குக் கீழே கொழும்பு இல்லை, கண்டி இல்லை, பதுளையும் இல்லை. அவன் பொத்துவிலைத் தாண்டி, கரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்கு மேல் இருப்பான். அதற்குள் எட்டு நிமிடத்துக்கு மேல் போயிருக்கும். மாக் 2 ஆக வேகத்தைக் குறைத்துக்கொண்டாலும் திருப்பம் பதுளைக்கு அருகேதான் முடியும். இன்னும் கூடுதலாகச் சரிக்கலாமே என்று கேட்பீர்கள். 60 பாகை சரித்தால் வட்டம் சுருங்கும், உண்மை. ஆனால் அப்போது இறக்கைகள் சுமக்கவேண்டியது 300 தொன் அல்ல, 600 தொன். ஐதான காற்றில் அந்தப் பாரத்தைத் தாங்கும் அளவுக்கு ஏற்றுவிசை கிடைக்காமல் விமானம் உயரத்தை இழக்கும். துரத்தும் காட்சி கட்டாயம் வேண்டுமென்றால் அதை ஒரு சிறிய சண்டை விமானத்துக்குக் கொடுத்துவிடுங்கள். கனரகக் குண்டுவீச்சு விமானம் யாரையும் துரத்துவதில்லை.

இதற்கும் மேலாக நீங்கள் கவனிக்காமல் விட்ட ஒன்று, வெப்பம். வேகமாகச் செல்லும் விமானத்தின் முன்னே காற்று நெருக்குண்டு சூடேறுகிறது. வெளியே −57 பாகை குளிர் இருந்தாலும், மாக் 2 இல் மூக்கு நுனியில் வெப்பநிலை 117 பாகை செல்சியஸ் வரை ஏறலாம். மாக் 3 இல் அது 330 பாகையைத் தாண்டும். முதலாவதை அலுமினியக் கலப்புலோகம் தாங்கும். கொன்கோர்ட் பயணிகள் விமானம் மாக் 2 ஐச் சற்றே தாண்டியதோடு நின்றுகொண்டதற்கு இதுவே முக்கிய காரணம். இரண்டாவதுக்கு உருக்கோ டைட்டானியமோ வேண்டும். எக்ஸ்பி-70 இன் உடல், தேன்கூடு போன்ற உள்ளமைப்புக் கொண்ட துருப்பிடிக்காத உருக்குத் தகடுகளால் ஆனது. முதன்முறையாக மாக் 3 ஐத் தொட்ட அன்றே அதன் இடது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து ஒரு துண்டு பிய்ந்து போயிற்று; அதன் பிறகு அந்த முதல் விமானம் மாக் 2.5 ஐத் தாண்ட அனுமதிக்கப்படவில்லை. இரண்டாவது விமானம் அரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக மாக் 3 இல் பறந்து காட்டியது. 1966 ஜூன் 8 இல் அதுவும் புகைப்படம் எடுப்பதற்காக அணிவகுத்துப் பறந்தபோது பக்கத்தில் வந்த இன்னொரு விமானத்தோடு மோதி அழிந்தது. மொத்தம் செய்யப்பட்டவை அந்த இரண்டே.

இங்கேதான் உங்கள் கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரி வருகிறது: "கரையெங்கும் கரிய மணல்." நீங்கள் அழகுக்காக எழுதினீர்களோ அறிந்து எழுதினீர்களோ தெரியாது, திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் அள்ளிப் பார்த்தால் கையில் கனக்கும் அந்தக் கரிய மணலில் இல்மனைற்றும் ரூட்டைலும் இருக்கின்றன, இரண்டும் டைட்டானியத்தின் தாதுக்கள். நாம் அதை மணலாகவே கப்பலில் ஏற்றி அனுப்பி வருகிறோம். அந்த மணலை உலோகமாக்க வேண்டுமானால் முதலில் குளோரினோடு தாக்கம் புரியச் செய்து ஆவியாகக்கூடிய ஒரு திரவமாக மாற்றவேண்டும். பின்னர் காற்றுப் புகாத பாத்திரத்தில், ஆகன் வாயுவின் நடுவே, 800 பாகைக்கு மேலான வெப்பத்தில், உருகிய மக்னீசியத்தைக் கொண்டு அதிலிருந்து உலோகத்தைப் பிரிக்கவேண்டும். கிடைப்பது கடற்பஞ்சு போன்ற ஒரு கட்டி. அதை வெற்றிடத்தில் உருக்கி, அடித்து, தகடாக்கி, ஒட்டிய பிறகுதான் விமானத்தின் பேச்சே தொடங்குகிறது. இவ்வளவுக்கும் வேண்டிய மின்சாரம் நீலவரைக்கு எங்கிருந்து வருகிறது? குளோரின் தொழிற்சாலை எந்த ஊரில்? அங்கே வேலை செய்பவர்கள் யார்? இந்த மூன்று கேள்விகளுக்கும் பதில் எழுதினால் உங்கள் கதையில் விமானத்தை விட நாடு சுவையானதாகிவிடும் என்பது என் எண்ணம். விமானத்தைக் கற்பனை செய்வது எளிது. அதைச் செய்யத் தெரிந்த நாட்டைக் கற்பனை செய்வதுதான் கடினம்.

செய்யத் தெரிந்த நாடுகளுக்கே அந்த அறிவு கைநழுவிப் போனதுண்டு. டியு-160 இன் இறக்கைகள் முன்னும் பின்னும் அசைபவை, விரித்தால் 55.7 மீற்றர், பின்னோக்கி மடித்தால் 35.6 மீற்றர். இரு இறக்கைகளும் கீல்போலப் பொருந்தியிருப்பது உடலின் நடுவே குறுக்காகக் கிடக்கும் ஒரு பெரிய டைட்டானியப் பெட்டியில். அதன் பாகங்களை வெற்றிடத்தில் இலத்திரன் கற்றையால் உருக்கி ஒட்டுகிறார்கள். சோவியத் ஒன்றியம் கலைந்தபோது இந்த விமானங்களில் 19 உக்ரேனில் நின்றன. அவற்றில் எட்டை 1999 இல் ரஷ்யா எரிவாயுக் கடனுக்கு ஈடாகப் பெற்றுக்கொண்டது. மீதியிருந்தவற்றில் ஒன்று பொல்தாவா நகர அருங்காட்சியகத்தில் நிற்கிறது, ஏனையவை வெட்டி உடைக்கப்பட்டன. பின்னர் இதே விமானத்தை மறுபடியும் செய்வதென்று 2015 இல் ரஷ்யா முடிவெடுத்தபோது, கசான் நகரத் தொழிற்சாலையில் அந்த ஒட்டும் தொழிலையே மீண்டும் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. புதிதாகச் செய்யப்பட்ட முதல் விமானம் 2022 ஜனவரியில்தான் பறந்தது. உங்கள் நீலவரை ஒரே அத்தியாயத்தில் மூன்று வருடத்துக்குள் பன்னிரண்டு விமானங்களைச் செய்துவிடுகிறது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள்.

கேள்வி: ஒலியின் வேகத்தைத் தாண்டும் அந்தக் கணத்தில் மட்டும்தான் வெடிச்சத்தம் கேட்குமா? விமானிக்கும் அது கேட்குமா? – உயர்தர வகுப்பு மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: இரண்டுக்கும் இல்லை என்பதே பதில். முகத்துவாரத்தில் நின்று கடலைப் பாருங்கள். ஒரு எஞ்சின் படகு கரைக்குச் சமாந்தரமாகப் போகும்போது அதன் இருபுறமும் விரியும் அலை, படகு ஓடிக்கொண்டிருக்கும் வரை கூடவே வருகிறது. கரையில் நிற்கும் ஒவ்வொருவர் காலிலும் அது ஒரு தடவை மோதும். முதலில் நிற்பவருக்கு முதலில், அடுத்தவருக்குச் சற்றுப் பிந்தி. படகில் இருப்பவரை அது தொடுவதே இல்லை. ஒலியை விஞ்சிய விமானமும் அவ்வாறே தன் அதிர்ச்சி அலையை வழி நெடுகிலும் இழுத்துக்கொண்டு செல்கிறது. நீங்கள் ஒரு முறை கேட்கிறீர்கள். ஆனால் வழியிலுள்ள எல்லாரும் ஒவ்வொரு முறை கேட்கிறார்கள். பதினைந்து கிலோமீற்றர் உயரத்தில் செல்லும் விமானமாயின் அந்தச் சத்தம் விழும் பாதை ஏறத்தாழ 80 கிலோமீற்றர் அகலமானது.

ஒரு கணக்கையும் செய்து பார்க்கலாம். 18 கிலோமீற்றர் உயரத்தில், மாக் 2 வேகத்தில், காலிமுகத்திடலுக்கு நேர் மேலே ஒரு விமானம் வடக்கு நோக்கிச் செல்கிறது என்று வையுங்கள். அது தலைக்கு மேல் கடக்கும் கணத்தில் திடலில் உள்ளவர்களுக்கு ஒன்றும் கேளாது. அதன் பிறகு ஏறத்தாழ 53 செக்கன் கழித்துத்தான் முழக்கம் வந்து விழும். அப்போது விமானம் 31 கிலோமீற்றர் தள்ளி, நீர்கொழும்புக்கு மேல் இருக்கும். பெரிய விமானமானால் மூக்கிலிருந்து ஒன்றும் வாலிலிருந்து ஒன்றுமாக இரட்டை வெடியாகவும் கேட்கலாம்.

மக்கள் இதை எவ்வளவு நாள் பொறுப்பார்கள் என்பதை அமெரிக்க அரசு 1964 இல் ஒக்லஹோமா நகரத்தின் மேல் சோதித்துப் பார்த்தது. ஆறு மாதத்துக்குள் 1,253 முழக்கங்கள். நகரத்தின் இரண்டு உயர்ந்த கட்டடங்களில் மட்டும் முதல் 14 வாரங்களில் 147 யன்னல் கண்ணாடிகள் உடைந்தன. 1973 இல் அந்த நாடு தன் நிலத்துக்கு மேல் பயணிகள் விமானங்கள் ஒலியை விஞ்சிப் பறப்பதைத் தடை செய்தது.

கேள்வி: எங்கள் ஊரில் கிபிரையும் பொம்மர் என்றுதான் சொல்வோம். அதுவும் ஒலியை விட வேகமாகப் போவதுதானே? பிறகென்ன இந்த 'கனரக' வேறுபாடு? – மட்டக்குளி வாசகர்

பதில்: சொல் உங்களுடையது, அதில் திருத்தம் சொல்ல எனக்கு உரிமையில்லை. கீழே பதுங்கு குழியில் இருந்தவர்களுக்கு மேலே சென்றது எந்த வகை என்பது ஒரு பொருட்டாகவும் இருந்திருக்காது. தொழில்முறைப் பாகுபாடு மட்டும் சொல்கிறேன். கிபிர் ஒற்றை எஞ்சினும் ஒரு விமானியும் கொண்ட சண்டை விமானம்; குண்டும் போடும். முழுச் சுமையோடு ஏறத்தாழ 16 தொன். டியு-160 ஒன்றின் நிறைக்கு அவற்றில் பதினேழு வேண்டும். கனரகம் என்பது சுமையையும் தூரத்தையும் வைத்துச் சொல்வது. கண்டம் விட்டுக் கண்டம் போகக்கூடியதா என்பதே கேள்வி.

ஆனால் ஒரு உறவு உண்டு. 1996 முதல் இலங்கை விமானப்படையிடம் இருந்த கிபிரின் எஞ்சின், ஜே79 என்ற அமெரிக்க வகை. மேலே சொன்ன பி-58 இல் நான்காகப் பூட்டியிருந்ததும் அதே குடும்பம்தான்.

கேள்வி: வேகமான குண்டுவீச்சு விமானங்களை ஏன் இப்போது புதிதாகச் செய்வதில்லை? – பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: உயரமும் வேகமும் இருந்தால் தப்பலாம் என்ற நம்பிக்கை 1960 மே 1 இல் ஆட்டம் கண்டது. அன்று சோவியத் ஏவுகணை ஒன்று, மிக உயரத்தில் பறந்த அமெரிக்காவின் யூ-2 உளவு விமானத்தை வீழ்த்தியது. அடுத்த ஆண்டே கென்னடி அரசு எக்ஸ்பி-70 ஐக் குண்டுவீச்சு விமானமாகச் செய்யும் எண்ணத்தைக் கைவிட்டது. கண்டம் தாண்டும் ஏவுகணைகளும் அப்போது வந்துவிட்டன. இன்று ராடருக்குத் தெரியாமல் போவதே பெரிது. 2023 நவம்பரில் முதன்முதலாகப் பறந்த அமெரிக்காவின் பி-21 ஒலியின் வேகத்தைத் தாண்டாத விமானம்தான். பி-58 வகையில் செய்யப்பட்டவை 116. விபத்துகளில் மட்டும் 26 போயின. 1960 இல் சேவைக்கு வந்து 1970 இல் ஓய்வு பெற்றது. அதற்கு முன்னரே, 1952 இல் முதலில் பறந்த, ஒலியை விட மெதுவான பி-52 இன்னமும் சேவையில் இருக்கிறது.

கேள்வி: பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் பறப்பவர்கள் சாப்பாட்டுக்கும் மற்றதுக்கும் என்ன செய்வார்கள்? சிரிக்க வேண்டாம். – தெஹிவளை வாசகி

பதில்: சிரிக்கவில்லை, அம்மா, விமானம் வடிவமைப்பவர்களும் இதைக் கேட்டே தீரவேண்டும். பி-58 இல் மூவரும் ஒருவர் பின் ஒருவராக, இடையே சுவர் வைத்த தனித்தனி அறைகளில் இருந்தார்கள். எழுந்து நடக்க வழியே இல்லை. அவசரத்தில் வெளியே எறியப்படும்போது ஆளை முழுவதும் மூடிக்கொள்ளும் கூடு ஒன்று பின்னர் அதில் பொருத்தப்பட்டது. அந்தக் கூட்டைப் பரீட்சிக்க மயக்க மருந்து கொடுத்த கரடிகளை உள்ளே வைத்து வானில் எறிந்தார்கள். டியு-160 இல் நான்கு பேர்; அவர்களுக்கு ஒரு கழிவறையும் உணவு சூடாக்கும் சிறிய அடுக்களையும் உண்டு.

வெள்ளவத்தை வாசகருக்கும் இது பயன்படும். ஏழாம் அத்தியாயத்தில் அந்த எட்டு நிமிடத் திருப்பத்தின்போது உங்கள் துணை விமானி எழுந்து போய் ஒரு தேநீர் ஊற்றி வரலாம். விமானம் 30 பாகை சரிந்திருந்தாலும் சீராகத் திரும்பிக்கொண்டிருந்தால் குவளையில் தேநீர் ஒரு பக்கம் சாயாது. குவளை மட்டும் வழமையை விட 15 வீதம் கனமாகத் தெரியும்.